சுடலைக்கண்ணு காதால் அளந்த ரேஸ் பாதை

சுடலைக்கண்ணுவைப் பற்றி நல்லவிதமாக நாலு வார்த்தை எழுதிவிட வேண்டும் என்று பல தடவை உட்கார்ந்திருக்கிறேன். இரண்டு வரி தாண்டுவதற்குள் வயிற்றெரிச்சல் வந்துவிடும், பேனாவை மூடி வைத்துவிடுவேன். இந்தத் தடவை வயிற்றெரிச்சலோடேயே எழுதிவிடுவது என்று முடிவு செய்திருக்கிறேன். அதை மறைத்து எழுதினால் எழுதியது அத்தனையும் பொய்யாகிவிடும்.

கரமனைப் பாலத்துக்குப் பக்கத்துச் சந்தில் அவனுடைய ஒர்க்‌ஷாப். தகரக் கூரையின் கீழ் இரண்டு கார்தான் நிற்கும். மூன்றாவது வந்தால் சந்தை அடைத்துக்கொண்டு நிற்கும், ஆட்டோக்காரர்கள் மலையாளத்தில் திட்டிக்கொண்டே ஒதுங்கிப் போவார்கள். சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம். படிப்பு எட்டாவது வரை. சின்ன வயதிலேயே கோயம்புத்தூருக்குப் போய் ஒரு ரேஸ் டீமின் கராஜில் சேர்ந்துவிட்டான். மாருதி எஞ்சின் பூட்டிய ஒற்றை சீட் ரேஸ் கார்களை லாரியில் ஏற்றிக்கொண்டு, மெட்ராஸ் பக்கத்து இருங்காட்டுக்கோட்டை சர்க்யூட்டுக்குப் போவார்கள். எட்டு வருஷம் அப்படிப் போய்வந்தான். தொண்ணூற்றெட்டில் டீமைக் கலைத்துவிட்டார்கள். மனைவி விஜயத்தின் அப்பா பழவங்காடியில் ஒரு ஹோட்டலில் சரக்கு மாஸ்டராக இருந்தார். மாமனார் ஊரிலேயே வந்து கடை போட்டான்.

அவனிடம் இருந்த சொத்து அவன் காது. காரைக் கொண்டுபோய் நிறுத்தினால் போனட்டைத் திறக்க மாட்டான். ஸ்டார்ட் பண்ணச் சொல்லிவிட்டு, தலையைச் சற்றுச் சாய்த்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி நிற்பான். கொஞ்சம் ஆக்ஸிலரேட்டர் கொடுக்கச் சொல்வான். பிறகு, "ரெண்டாவது சிலிண்டர்ல பிளக்கு போயிட்டு, டாப்பெட்டும் லூசா இருக்கு" என்பான். திறந்து பார்த்தால் அப்படியே இருக்கும். பெரிய கம்பெனி சர்வீஸ் சென்டர்களில் மூன்று நாள் கிடந்த கார்களை இவன் மூன்று நிமிஷம் கேட்டே சரிசெய்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

நான் சுவாமிதாஸ். பாறசாலைப் பக்கத்து ஆள். பட்டம் என்ற இடத்தில் ஒரு ஆர்க்கிடெக்ட் ஆபீசில் டிராஃப்ட்ஸ்மேன். பத்தொன்பது வருஷம் வீடுகளும் ஃபிளாட்டுகளும் வரைந்தவன். முதலில் பேனாவால், பிறகு கம்ப்யூட்டரில். என் படத்தை வைத்துக் கட்டிய கட்டடங்கள் இந்த ஊரில் எத்தனையோ நிற்கின்றன. ஒன்றின் மேலும் என் பெயர் கிடையாது. ஆர்க்கிடெக்டின் பெயர் கல்லில் பொறித்திருக்கும், பில்டரின் பெயர் மொட்டைமாடியில் பெரிய எழுத்தில் இருக்கும். என் பெயர் படத்தின் வலது மூலையில், வரைந்தது, சரிபார்த்தது என்ற இரண்டு சின்னக் கட்டங்களில் இரண்டு எழுத்து. கட்டி முடித்ததும் அந்தப் படத்தைச் சுருட்டி எங்கேயோ போட்டுவிடுவார்கள்.

அதனால்தான் எனக்குக் கம்ப்யூட்டரில் ஓட்டும் ஒரு ரேஸ் விளையாட்டின் மேல் அவ்வளவு பைத்தியம் பிடித்தது. இரண்டாயிரத்து இரண்டில் வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் வாங்கியிருந்தேன். அந்த விளையாட்டுக்கு வெளிநாட்டு ரசிகர்கள் சொந்தமாக சர்க்யூட்டுகள் செய்து சேர்த்துக்கொண்டிருந்தார்கள். நிஜத்தில் இருக்கும் ரேஸ் பாதையை அளவு மாறாமல் கம்ப்யூட்டரில் வரைந்து, ஓட்டும்படி ஆக்கி, அதற்கென்று இருந்த ஒரு வெப்சைட்டில் போடுவார்கள். யார் செய்தது என்ற பெயர் முதல் வரியிலேயே இருக்கும். உலகத்தில் யார் அந்தப் பாதையில் ஓட்டினாலும் அந்தப் பெயரைப் பார்த்துவிட்டுத்தான் ஓட்ட வேண்டும். பட்டியல் முழுக்கத் தேடினேன், நம் நாட்டு சர்க்யூட் ஒன்றுகூட இல்லை. இருங்காட்டுக்கோட்டையை நான் செய்வது, முதல் பெயராக என் பெயர் வருவது என்று அன்றே தீர்மானித்துவிட்டேன்.

தெரிந்தவர் மூலம் ஒரு பழைய ரேஸ் கையேடு கிடைத்தது. அதில் சர்க்யூட்டின் வரைபடமும் வளைவுகளுக்கு நடுவே உள்ள தூரங்களும் இருந்தன. ஐந்து மாதம் உழைத்தேன். ஒவ்வொரு வளைவையும் ஆபீசில் படிக்கட்டு வரைவதைப் போல, கோடு கோட்டைத் தொடும் இடம் பிசகாமல் வரைந்தேன். தரையை ஒரே மட்டமாக வைத்தேன். முடித்துவிட்டுத் திரையில் பார்த்தபோது எனக்கே என் கையை முத்தமிட வேண்டும்போல் இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் சுடலைக்கண்ணு என் பழைய மாருதியைச் சரிசெய்து கொடுக்க நேமத்தில் இருந்த என் வீட்டுக்கு வந்தான். என் வாய் சும்மா இருக்கவில்லை. இருங்காட்டுக்கோட்டைக்கு எட்டு வருஷம் போன ஆள் ஆயிற்றே, பாராட்டட்டும் என்று கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தேன். அவன் திரையையே பார்க்கவில்லை.

"சாரே, நீங்க ஓட்டுங்க. நான் கேக்குதேன்" என்று சொல்லி எழுந்து, தலையைச் சாய்த்துத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

இரண்டு சுற்று ஓட்டினேன். நல்லா இருக்கிறது என்று சொல்வான் என்று காத்திருந்தேன்.

"தூரமெல்லாம் சரியா இருக்கு சாரே. கியரு கொறய வேண்டிய எடத்துல கொறயுது. ஆனா இது வேற ரோடு."

"வேற ரோடா? என்ன ஓய் சொல்லுத?"

"ரெண்டாவது வளைவு முடிஞ்ச ஒடனே வண்டி லேசா தூக்கும். சக்கரம் தரைய விடும், எஞ்சின் ஒரு செகண்டு கத்திட்டு அடங்கும். எட்டு வருசம் கேட்டிருக்கேன். ஒங்களோடதுல கத்தவே இல்ல. இது சிமிண்டு பூசுன வீடு மாதிரில்லா இருக்கு."

வீடு மாதிரி. அந்த ஒரு சொல் என்னைக் குத்தியது. அவன் குத்த வேண்டும் என்று சொல்லவில்லை, அதுதான் இன்னும் எரிச்சல். அவன் ரேஸ் பாதையில் ஒரு சுற்றுகூட ஓட்டியவன் இல்லை. மெக்கானிக்குகளைப் பாதைக்குள் விட மாட்டார்கள். எட்டு வருஷமும், பாதையோரம் கார்களை நிறுத்திச் சரிபார்க்கும் பிட்டில் நின்றபடி, கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் போகும் காரைக் காதால் பின்தொடர்ந்தவன். அப்படிக் கேட்டதை வைத்து என் ஐந்து மாத உழைப்பை எடைபோடுகிறான்.

போகும்போது ஒன்று சொன்னான். தொண்ணூற்றாறில் ஒரு நாள் பிராக்டீஸில் அவர்கள் கார் மட்டும் தனியாக ஓடியபோது, பிட் சுவரில் டேப் ரெக்கார்டரை வைத்து ஆறு சுற்றுச் சத்தத்தைப் பிடித்து வைத்திருக்கிறானாம். கேசட் இன்னும் இருக்கிறதாம்.

"நானும் இதுமாதிரி ஒண்ணு போட்டுப் பாக்கட்டா சாரே?" என்றான்.

"பின்ன என்ன, போடு" என்றேன். எட்டாவது படித்தவன் எங்கே போடப் போகிறான் என்ற தைரியம்.

விஜயத்தை நான் கணக்கில் எடுக்கவில்லை. அவள் ஆயுர்வேத காலேஜ் பக்கத்தில் ஒரு டி.டி.பி. சென்டரில் வேலை பார்த்தாள். கல்யாணப் பத்திரிகை, கோவில் நோட்டீஸ் எல்லாம் தமிழிலும் மலையாளத்திலும் அடித்துத் தள்ளுகிறவள். சென்டரில் கழித்துவிட்ட ஒரு கம்ப்யூட்டரை வாங்கி வீட்டில் வைத்தார்கள். பாதை வரையும் அந்த சாஃப்ட்வேர் பிடிபட எனக்கு மூன்று மாதம் ஆயிற்று. அவளுக்கு மூன்று வாரம்.

அவர்கள் வேலை செய்த விதத்தை ஒரு நாள் சாயங்காலம் போய்ப் பார்த்தேன். கேசட்டை ஓடவிடுவான். கார் தூரத்தில் போகப் போகச் சத்தம் தேய்ந்து, வெறும் கொசு ரீங்காரமாகிவிடும். அந்த ரீங்காரத்தைக் கேட்டே எஞ்சின் என்ன வேகத்தில் சுற்றுகிறது, எந்த கியர், கார் மணிக்கு எத்தனை கிலோமீட்டரில் போகிறது என்று சொல்வான். ஒரு வளைவிலிருந்து அடுத்த வளைவுக்கு எத்தனை நொடி என்று ஸ்டாப்வாட்சில் பார்ப்பான். விஜயம் வேகத்தையும் நேரத்தையும் பெருக்கித் தூரத்தை எழுதிக்கொள்வாள். அந்தத் தூரத்தில் பாதையை வரைவாள். பிறகு அவளே கம்ப்யூட்டரில் காரை ஓட்டுவாள். சைக்கிள்கூட ஓட்டத் தெரியாத பெண், இவன் மேசையில் விரலால் தட்டத் தட்ட கியர் மாற்றினாள்.

பிட்டிலிருந்து கண்ணுக்குத் தெரியும் முதல் மூன்று வளைவுகளை முடித்திருந்தார்கள். டேப் ரெக்கார்டரில் நிஜக் காரையும் கம்ப்யூட்டரில் இவர்கள் காரையும் ஒரே நேரத்தில் ஓடவிட்டார்கள். இரண்டு எஞ்சின்களும் சேர்ந்து ஏறின, சேர்ந்து இறங்கின. இரண்டாவது வளைவு முடிந்ததும் இரண்டும் சேர்ந்து ஒரு கணம் கத்தி அடங்கின. அதில் எது டேப், எது கம்ப்யூட்டர் என்று எனக்குப் பிரித்துச் சொல்ல முடியவில்லை. கையில் பிடித்திருந்த டீ ஆறிப்போனது தெரியாமல் நின்றேன். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அதே நொடியில் இவன் நாசமாய்ப் போகட்டும் என்றும் தோன்றியது. இரண்டும் உண்மை.

"எப்படி சாரே?" என்றான் பல்லெல்லாம் தெரிய.

"கொள்ளாம்" என்றேன். பரவாயில்லை என்பதற்கு மலையாளத்தில் சொல்லும் அந்த ஒரு சொல்லோடு நிறுத்திக்கொண்டேன்.

மீதி வளைவுகளின் தூரங்களையும் காதாலேயே கண்டுபிடித்து ஒரு தாளில் எழுதி வைத்திருந்தான். தூரம் தெரிந்தால் போதாது, ஒவ்வொரு வளைவும் எவ்வளவு திரும்புகிறது என்பது சத்தத்தில் வராது. அதற்கு என் வரைபடம் வேண்டும் என்றான். அவன் தாளை வாங்கிக்கொண்டு வந்தேன். கையேட்டில் இருந்த தூரங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். எந்த இடத்திலும் ஐந்து மீட்டருக்கு மேல் வித்தியாசம் இல்லை. அச்சடித்த புத்தகத்தைப் பார்த்து நான் வரைந்ததை, இவன் ஆறு வருஷப் பழைய கேசட்டில் தேய்ந்துபோன ஒரு ரீங்காரத்தை வைத்து எட்டிப் பிடித்திருந்தான். அவனுக்கு அது தெரியாது. எனக்கு மட்டும் தெரியும்.

அன்று ராத்திரி அந்தத் தாளை எடுத்து எடுத்துப் பார்த்தேன். நான் செய்ததை அவன் செய்துவிடுவான், மேடும் குலுக்கலுமாக உயிரோடு செய்துவிடுவான், முதல் பெயராக அவன் பெயர் போகும். பத்தொன்பது வருஷமாக மூலைக் கட்டத்தில் கிடந்தவன் நான். இங்கேயும் எனக்கு மூலைதானா என்று நினைத்தேன்.

மறுநாள் ஆபீசில், மதியம் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தபோது அதைச் செய்தேன். ஐந்தாவது வளைவையும் ஆறாவது வளைவையும் பிடித்து அறுபது மீட்டர் அப்பால் நகர்த்தினேன். அடுத்து வரும் நேர்பாதையை அதே அறுபது மீட்டர் சுருக்கினேன். மொத்த நீளம் மாறவில்லை. அதை மாற்றினால் கண்டுபிடித்துவிடுவான், ஒரு சுற்றுக்கு எவ்வளவு பெட்ரோல் என்று எட்டு வருஷம் கணக்குப் பார்த்தவன். தாளில் பார்த்தால் பன்னிரண்டு மில்லிமீட்டர் நகர்வு. பெற்ற தாய்க்கும் தெரியாது. பெரிய தாளில் பிரிண்ட் எடுத்து, மூலையில் வரைந்தது என்ற கட்டத்தில் என் இரண்டெழுத்தைப் போட்டேன். சரிபார்த்தது என்ற கட்டத்திலும் போட்டேன். எங்கள் தொழிலில் அந்தக் கட்டம் காலியாக இருந்தால் மேஸ்திரிகூடப் படத்தைக் கையில் வாங்க மாட்டார். அதில் எழுத்து விழுந்துவிட்டால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

சுடலைக்கண்ணு கையைத் துடைத்துக்கொண்டு இரண்டு கையாலும் வாங்கினான். "ஒங்கள மாதிரி யாரு சாரே குடுப்பா?" என்றான்.

பத்து நாள் கழித்து ஒர்க்‌ஷாப்புக்கு வரச்சொன்னான். முகம் சரியில்லை.

"சாரே, கோவிச்சுக்கப்பிடாது. படத்துல அஞ்சாவது வளைவு கொஞ்சம் தள்ளிப் போயிருக்குமோ? நான் கேட்ட கணக்குல அறுவது மீட்டரு இந்தப் பக்கமே வந்துருது."

அறுபது என்று சரியாகச் சொன்னான். பயந்தவன் செய்கிற காரியத்தைத்தான் செய்தேன், சத்தம் போட்டேன்.

"ஓய் சுடலை, நான் பத்தொம்பது வருசமாட்டு வரையுதேன். எனக்க படத்த வச்சு எட்டு மாடி கட்டியிருக்கு, கேட்டியா? ஒரு மில்லிமீட்டர் பெசகுச்சுன்னா லிஃப்ட் நிக்காது. நீ கேசட்டுல கொசு கடிக்கிற சத்தத்தக் கேட்டுட்டு எனக்க படம் தப்புன்னு சொல்லுதியா?"

அவன் உடனே பின்வாங்கினான். "இல்ல சாரே, நீங்க சரிபாத்து எழுத்துப் போட்டிருக்கீங்கள்லா. கேசட்டுதான் இழுத்திருக்கும்."

கேசட்டை வேறு மூன்று டேப் ரெக்கார்டரில் போட்டுப் பார்த்தான். பெல்ட்டை மாற்றிப் பார்த்தான். கேசட் இழுக்கவில்லை. முதல் மூன்று வளைவும் கடைசி வளைவுகளும் நொடி பிசகாமல் பொருந்தின. நடுவில் மட்டும் இடித்தது. படம் சரி, ஸ்டாப்வாட்ச் சரி, கேசட் சரி என்றால் மிச்சம் இருப்பது அவன் காது மட்டும்தான். ஒரு இடத்தில் வேகத்தை மணிக்குப் பதினெட்டு கிலோமீட்டர் குறைத்துக் கேட்டிருக்கிறேன், அடுத்த இடத்தில் கூட்டிக் கேட்டிருக்கிறேன் என்று அவனே முடிவுக்கு வந்தான். விஜயம் ஒத்துக்கொள்ளவில்லை. படம் தப்பாக இருக்கும் என்று சண்டை போட்டாளாம். படித்த மனுஷனைச் சந்தேகிக்காதே என்று இவன் அவளை அடக்கிவிட்டான். அதையும் அவனேதான் என்னிடம் சொன்னான்.

நான் இதற்குள் என் சர்க்யூட்டை வெப்சைட்டில் ஏற்றிவிட்டேன். நம் நாட்டிலிருந்து முதல் சர்க்யூட், முதல் வரியில் என் பெயர். பின்லாந்திலிருந்து ஒருவன் எழுதியிருந்தான்: அளவெல்லாம் கச்சிதம், ஆனால் ஓட்டும்போது கீழே ரோடு இருப்பதே தெரியவில்லை. அதைப் படித்துவிட்டு அன்று முழுக்க யாரோடும் பேசவில்லை. சுடலைக்கண்ணு மட்டும் கடையில் வருகிறவர் போகிறவரிடமெல்லாம், நம்ம சாரு போட்ட ரோட்டுல வெள்ளைக்காரன் கார் ஓட்டுதான் என்று சொல்லிக்கொண்டிருந்தான். அவன் தன்னுடையதை நிறுத்திவிட்டான். கேசட்டை டிரங்குப் பெட்டியில் போட்டுவிட்டான் என்று கேள்விப்பட்டேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை மறைக்கப் போவதில்லை. ஒரு மாதம் நன்றாகத் தூங்கினேன்.

அதன் பிறகுதான் நான் நினைக்காத இடத்தில் போய் இடித்தது. காது தப்பாகக் கேட்கிறது என்ற எண்ணம் ரேஸ் பாதையோடு நிற்கவில்லை, கடைக்குள் வந்துவிட்டது. ஒரு டாக்டரின் காரில் டாப்பெட் சத்தம் என்று முதலில் சொல்லிவிட்டு, இல்லை, டைமிங் பெல்ட்டோ என்று சந்தேகப்பட்டு எஞ்சினையே இறக்கிவிட்டான். இறக்கிப் பார்த்தால் டாப்பெட்தான். இரண்டு நாளில் முடிய வேண்டியது ஒரு வாரம் ஆயிற்று. அதன்பின் கார் கொண்டுவருகிறவர்களிடமே, "ஒங்களுக்கு ஏதும் சத்தம் கேக்குதா?" என்று கேட்க ஆரம்பித்தான். மெக்கானிக் இப்படிக் கேட்டால் யார் வண்டியை விட்டுப் போவார்கள்? சந்தில் மூன்றாவது கார் நிற்பது நின்றது. பிறகு கூரையின் கீழும் ஒரு கார்தான் நின்றது.

விஜயம் அவனைக் காது டாக்டரிடம் கூட்டிப்போனாள். கண்ணாடி அறையில் உட்கார வைத்துச் சோதித்துவிட்டு, வயசுக்கு ரொம்ப நன்றாகக் கேட்கிறது என்று எழுதிக் கொடுத்தார்கள். அவன் நம்பவில்லை.

"அது பீப்பீன்னு ஒரு சத்தம் சாரே. அது யாருக்கு வேணும்னாலும் கேக்கும்" என்று என்னிடம் சொன்னான். "எஞ்சின் சத்தம் வேறல்லா? அதக் கேக்க ஒரு காது வேணும். அது போயிட்டு."

அடுத்த மாதத்தோடு கடையை விட்டுவிட்டு, மாமனார் வேலை பார்க்கும் ஹோட்டலில் கிரைண்டர் ஓட்டப் போவதாகவும் சொன்னான். அதைச் சொல்லும்போது அவன் முகத்தில் வருத்தம்கூட இல்லை. கணக்குச் சரியாக வந்துவிட்ட ஆள் மாதிரி இருந்தான். அந்தக் கணக்குத் தப்பு என்று எனக்குத்தான் தெரியும். இருந்தும் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் என்ன ஆகும், சந்தில் எனக்கு என்ன பெயர் கிடைக்கும் என்று மனம் அந்தப் பக்கமே போயிற்று.

ஒரு சனிக்கிழமை மதியம் என் மாருதி வழியில் திணற ஆரம்பித்தது. எஞ்சின் ஒழுங்கில்லாமல் உதறியது. வேறு கடைக்குப் போயிருக்கலாம். கை பழக்கத்தில் கரமனைச் சந்துக்குத் திரும்பிவிட்டது. கூரையின் கீழ் ஒரு வண்டியும் இல்லை. விஜயம் அரை நாள் வேலை முடித்துச் சாப்பாட்டோடு வந்திருந்தாள். இருவரும் பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவன் பாதியில் எழுந்து கை கழுவிவிட்டு வந்தான்.

"ஸ்டார்ட்ல வைங்க" என்றான். தலையைச் சாய்த்தான். தரையைப் பார்த்தான். பழைய சுடலைக்கண்ணுவே திரும்பி வந்தது போல எனக்கு ஒரு நொடி இருந்தது. அவன் உதடு எதையோ சொல்ல அசைந்தது. பிறகு மூடிக்கொண்டது.

"சாரே" என்றான் மெதுவாக. "நீங்க எறங்கி வந்து கேட்டுச் சொல்லுங்களேன். மூணாவது சிலிண்டரோன்னு தோணுது. ஆனா எனக்கு நிச்சயமில்ல. நீங்க சொன்னா சரியா இருக்கும்."

எஞ்சின் சத்தத்துக்கும் மிக்ஸி சத்தத்துக்கும் வித்தியாசம் தெரியாத என்னைப் பார்த்து, தன் காதுக்குப் பதிலாக என் காதைக் கேட்கிறான். சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினேன். இறங்கினேன்.

"ஒனக்க காதுக்கு ஒண்ணும் இல்ல, சுடலை. படம்தான் தப்பு. நான்தான் தப்பாட்டு வரைஞ்சு தந்தேன்."

"தப்பு எல்லாருக்கும் வரும் சாரே..."

"தப்பு இல்ல ஓய். வேணும்னே செஞ்சேன். அஞ்சாவதையும் ஆறாவதையும் அறுவது மீட்டர் தள்ளி வச்சேன். நீ சொன்ன கணக்கு முழுசும் சரி. அச்சடிச்ச புத்தகத்தோட ஒத்துப் பாத்தேன். அஞ்சு மீட்டர்கூடப் பெசகல."

விஜயத்தின் கை டிபன் கேரியரில் அப்படியே நின்றது. அவன் என்னையே பார்த்தான். அடிப்பான் என்று நினைத்தேன். அடித்தால் நல்லது என்றும் நினைத்தேன்.

அவன் என்னைத் தாண்டிக் காருக்குள் கையை விட்டுச் சாவியைத் திருப்பினான். எஞ்சின் உதறிக்கொண்டு ஓடியது. இந்தத் தடவை தலையைச் சாய்க்கக்கூட இல்லை.

"மூணாவது சிலிண்டரு!" என்று கத்தினான். "பிளக்கு ஒயரு லீக்கு! பிளக்கு நல்லா இருக்கு, ஒயருதான்!" போனட்டைத் தூக்கி ஒயரைப் பிடுங்கி என் கண் முன்னால் நீட்டினான். உறை வெடித்திருந்தது. அவன் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது, வாய் சிரித்துக்கொண்டிருந்தது. சந்தில் ஒரு மோட்டார் சைக்கிள் போயிற்று. "அதுக்கு செயினு டைட்டு" என்றான். ஒரு ஸ்கூட்டர் போயிற்று. "கார்புரேட்டருல அழுக்கு" என்றான். போகிற வருகிற வண்டிகளுக்கெல்லாம் கூப்பிட்டுச் சொன்னான்.

மூச்சு வாங்க நின்ற பிறகுதான் அவனுக்கு என் நினைவு வந்தது.

"சாரே, எதுக்கு அப்பிடிச் செஞ்சீங்க?"

"பொறாமை" என்றேன்.

"யாரு மேல?"

"ஒனக்க மேலதான்."

அவனுக்கு அது விளங்கவில்லை. கிரீஸ் அப்பிய தன் கைகளைப் பார்த்தான். தகரக் கூரையைப் பார்த்தான். கோயம்புத்தூர் முதலாளிகள் பேர் சொல்லிக் கூப்பிடாமல் விரலைச் சொடுக்கிக் கூப்பிட்ட ஆள், எட்டு வருஷமும் பாதைக்குள் கால் வைக்க விடாமல் பிட்டிலேயே நிறுத்தி வைத்த ஆள். அவன் மேல் ஒருவன் பொறாமைப்பட முடியும் என்பதே அவனுக்குப் புது விஷயமாக இருந்தது.

"எம்மேலயா?" என்றான். "சாரு எம்மேலயா பொறாமப்பட்டீங்க?" முகம் மெல்ல மெல்ல விரிந்தது. "விஜயம், கேட்டியா? ஆபீசுல கம்ப்யூட்டர்ல வரையுத சாரு நம்ம மேல பொறாமப்பட்டு வேணும்னே படத்தத் தப்பா குடுத்திருக்காருட்டீ!"

அவள் சிரிக்கவில்லை. டிபன் கேரியரை மூடி வைத்துவிட்டு எழுந்து வந்தாள். என் முகத்தைப் பார்க்காமல் பேனாவை எடுத்தாள்.

"எந்த ரெண்டு வளைவு? ஏது பக்கம் தள்ளினது? நேர்பாதை எத்ற குறைச்சு?"

சொன்னேன். உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள்.

"பின்னே வேற ஏதும் உண்டோ?"

"இல்ல."

"அத சாரு சொன்னா நான் எடுக்க மாட்டேன். கேசட்ட போட்டு இவங்க கேக்கட்டும். இவங்க சரின்னு சொன்னா சரி" என்றாள். பத்தொன்பது வருஷத்தில் என் அளவை முகத்துக்கு நேரே மறுத்த ஒரே ஆள் அவள்தான். என்னிடம் அவள் பேசிய கடைசிப் பேச்சும் அதுதான்.

சுடலைக்கண்ணு இதையெல்லாம் கவனிக்கவே இல்லை. எதிரே பஞ்சர் கடைக்காரனிடம் ஓடிப்போய், சாரு தன் மேல் பொறாமைப்பட்ட கதையை மலையாளத்தில் சொல்லிக்கொண்டிருந்தான். அறுபது மீட்டரை இரண்டு கையையும் விரித்துக் காட்டினான். கடைக்காரன் நம்பாமல் என்னை எட்டிப் பார்த்தபோது, இவன் அங்கிருந்தே, "ஆமான்னு சொல்லுங்க சாரே" என்று கெஞ்சினான். நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன். கழுத்தில் யாரோ மெடல் போட்டது போல அவன் நிமிர்ந்து நின்றான். அவ்வளவு பெரிய சந்தோஷத்தை என் வாழ்நாளில் யாரும் எனக்குக் கொடுத்ததில்லை. அவனுக்கு அதைக் கொடுத்தவன் நானேதான் என்று தெரிந்தும், நடுச்சந்தில் நின்றுகொண்டு அதற்கும் வயிறெரிந்தேன்.